குண்டு சாலையும் கரையேறவிட்ட குப்பமும்

மேல்பட்டாம்பாக்கம் என்னும் ஊர்ப்பெயரின் முதற்சொல்லில் நிலத்தின் சாய்வு பதிவாகியுள்ளது. தமிழில் மேல் என்பது உயரத்தையும் குறிக்கும், மேற்குத் திசையையும் குறிக்கும். கீழ் என்பது தாழ்வையும் கிழக்கையும் ஒருங்கே சுட்டும். பெண்ணையாற்றுக்கும் கெடிலத்துக்கும் நடுவே, பண்ணுருட்டிக்கும் நெல்லிக்குப்பத்துக்கும் இடையில் அமைந்தது இவ்வூர். இங்கே வாய்க்காலில் நீர் பாய்வதைப் பார்த்தவருக்கு இதன் கரணியத்தை எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. நீர் வரும் பக்கம் மேல். அது கடலை நோக்கிப் போகும் பக்கம் கீழ். காந்த ஊசி இந்நாட்டுக்கு வருமுன்பே உழவன் திசைகளுக்குப் பெயரிட்டு முடித்துவிட்டான்.

இச்சொற்கள் நிலத்திலிருந்து பிறந்தவை என்பதற்குச் சான்று மலைநாட்டில் கிடைக்கிறது. அங்கே நிலம் மாறிச் சாய்கிறது; கிழக்கே ஓங்கிய மலை, மேற்கே தாழ்ந்த கடற்கரை. ஆயினும் மலையாளத்தில் கதிரவன் எழும் திசைக்குக் கிழக்கு என்றே பெயர். உயர்ந்து நிற்கும் மலைப்பக்கத்தைத் தாழ்ந்த பக்கம் என்று ஒருவர் பெயரிட்டிருக்க இயலாது. ஆகவே அச்சொல் மலைத்தொடருக்குக் கிழக்கே, வங்கக்கடலை நோக்கிச் சரியும் சமவெளியில் பிறந்து, பின்னர் மலையைத் தாண்டியிருக்க வேண்டும் என்று கால்டுவெல் தம் ஒப்பிலக்கண ஆய்வில் வாதிட்டார். மேலத்தெரு, கீழத்தெரு என்று தமிழ்நாட்டின் ஊர்தோறும் காணப்படும் பெயர்கள் இத்துணைப் பழைய நிலவியல் குறிப்பைச் சுமந்து நிற்கின்றன.

தெருப்பெயர் ஆய்வு என்பது பெயரியலின் ஒரு கிளை. தெருவுக்குப் பெயரிட்டோர் வரலாறு எழுதும் நோக்கத்தோடு பெயரிடவில்லை. வழி கேட்பாருக்கு வழி சொல்லவே பெயரிட்டனர். ஆதலால் அதில் பொய் குறைவு. மெய்க்கீர்த்தி அரசனைப் புகழப் பிறந்தது. மேலத்தெரு எவரையும் புகழவில்லை. பிற்காலத்தில் தெரு தன் தொழிலை இழக்கலாம், ஆறு தடம் மாறலாம், கோட்டை இடிந்து மண்மேடாகலாம். காரணம் மறைந்த பின்னும் பெயர் நாவில் தங்கிவிடுகிறது. ஆயினும் ஒலியை மட்டும் பிடித்துக்கொண்டு பொருள் உரைப்போர் எல்லா ஊரிலும் உளர்; நம் நாட்டில் சற்று மிகுதி. எனவே பெயரோடு உறவில்லாத வேறொரு சான்று, நிலமோ கல்வெட்டோ ஆவணமோ கணக்கோ, அதே செய்தியைத் தனியே நின்று சொன்னால்தான் பெயரின் வாக்கை ஏற்க வேண்டும். கடலூர், சிதம்பரம் வட்டாரம் இத்தகைய ஆய்வுக்கு மிக நல்ல களம்.

தமிழர் தெருக்களைப் பெயரிட்ட முறைக்கு ஐயத்துக்கு இடமில்லாத சான்று தஞ்சைப் பெரிய கோயிலின் சுவரில் இருக்கிறது. முதலாம் இராசராசனின் 29ஆம் ஆட்சியாண்டில், அதாவது 1014ஐ ஒட்டி, பொறித்த நீண்ட கல்வெட்டு, கோயிற்பணிக்குப் பல ஊர்களிலிருந்து வரவழைத்துக் குடியமர்த்திய தளிச்சேரிப் பெண்டிர் 400 பேரையும் பெயர் பெயராக வரிசைப்படுத்துகிறது. ஒவ்வொருவருக்கும் ஆண்டுக்கு 100 கலம் நெல் ஒரு பங்கு. பங்கு தவறாமல் சேரவேண்டுமானால் ஆள் எங்கே இருக்கிறார் என்பது தெரியவேண்டும். ஆகவே தெற்குத் தளிச்சேரி, தென்சிறகு, இத்தனையாம் வீடு என்று முகவரி எழுதினர். சிறகு என்பது தெருவின் ஒரு பக்கத்து வீட்டு வரிசை. எந்தச் சேரி, அதில் எந்தத் தெருப்பக்கம், அதில் எத்தனையாவது வீடு என்று படிப்படியாகச் சுருங்கி ஒரு கதவில் சென்று முடியும் இம்முறை, இன்று நாம் அஞ்சல் உறையில் எழுதும் முகவரியேதான். பாரிசு நகரத்தில் தெருவின் ஒருபுறம் ஒற்றைப்படை எண்ணும் மறுபுறம் இரட்டைப்படை எண்ணும் இடும் முறை ஒழுங்காக நடைமுறைக்கு வந்தது 1805இல்.

அதே கோயிலின் பிற கல்வெட்டுகள் அன்றைய தஞ்சையின் தெருக்களையும் காட்டித் தருகின்றன. சாலியத் தெரு, மடைப்பள்ளித் தெரு, வில்லிகள் தெரு, ஆனையாட்கள் தெரு, காந்தர்வத் தெரு ஆகியவை தொழிலால் பெயர் பெற்றவை: நெய்வோர், சமைப்போர், வில்லாளிகள், யானைப்பணியாளர், இசைவாணர். வீரசிகாமணிப் பெருந்தெரு, சூரசிகாமணிப் பெருந்தெரு முதலியவை விருதுப் பெயரால் விளங்கியவை. இவ்விரண்டு வகையையும் பொருத்திப் பார்த்தால் ஓர் ஒழுங்கு புலப்படுகிறது. அகன்ற வணிகத் தெருவுக்கு விருதுப்பெயர் கிடைக்கிறது. உழைக்கும் மக்கள் குடியிருந்த தெருவுக்கு உழைப்பின் பெயரே எஞ்சுகிறது. தெருவின் அகலமும் பெயரின் பகட்டும் சேர்ந்தே வளர்ந்திருக்கின்றன. இன்றைய பெருநகரங்களில் எந்தச் சாலைக்கு யார் பெயர் என்று எண்ணிப் பார்த்தாலும் இவ்வொழுங்கு மாறவில்லை.

சிதம்பரத்துக்கு வருவோம். கீழவீதி, மேலவீதி, வடக்குவீதி, தெற்குவீதி என்னும் நான்கு தேர்வீதிகளும் வெறும் திசைப்பெயர் தாங்கியவை போலத் தோன்றும். ஒரு காலத்தில் இங்கே விக்கிரமசோழன் பெயரால் திருவீதி விளங்கியது. அரசன் பெயர் உதிர்ந்தது, திசைப்பெயர் நின்றது. ஆட்சியாளன் இட்ட பெயரைக் காட்டிலும் வழிப்போக்கனுக்குப் பயன்படும் பெயர் நீடு வாழும் என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு கிடைப்பதரிது. இவ்வீதிகளின் அகலத்தைத் தீர்மானித்தது தேர். ஆனித் திருமஞ்சனத்துக்கும் மார்கழித் திருவாதிரைக்கும் ஆண்டுக்கு இருமுறை தேர் இவற்றில் ஓடுகிறது. தேரின் அச்சு திரும்பாது. சக்கரத்தின் முன்னே முட்டுக்கட்டை கொடுத்துச் சறுக்கித்தான் மூலையில் திருப்ப வேண்டும். அதற்கு எவ்வளவு இடம் வேண்டுமோ அவ்வளவு இடம் வீதி மூலையில் விடப்பட்டது. தேர்வீதியை ஒட்டிய தெருக்களுக்குக் கோயிலே பிழைப்பு என்பதை மாலைகட்டித் தெரு என்னும் பெயர் காட்டுகிறது. காசுக்கடைத் தெரு அக்கோயிலைச் சுற்றிப் புழங்கிய பணத்தைக் காட்டுகிறது.

மதுரையில் இதைவிட நுட்பமான ஒரு செய்தி உண்டு. அங்கே கோயிலைச் சுற்றி ஆடி, சித்திரை, ஆவணி மூலம், மாசி என்று வீதிகள் உள்ளிருந்து வெளியே ஒன்றையொன்று சூழ்ந்து விரிகின்றன. ஒவ்வொரு மாதத் திருவிழாவும் நடந்த வீதிக்கு அம்மாதமே பெயராயிற்று. ஆனால் இன்று சித்திரைத் திருவிழாவின் தேர் ஓடுவது சித்திரை வீதியில் அன்று, மாசி வீதிகளில். மாசியில் நடந்துவந்த பெருவிழாவைத் திருமலை நாயக்கர் 17ஆம் நூற்றாண்டில் சித்திரைக்கு மாற்றினார். நாட்காட்டி மாறியது, தேருக்குப் பழைய அகன்ற வீதியே வேண்டியிருந்தது, வீதியின் பெயரை யாரும் மாற்றவில்லை. பெயருக்கும் நடப்புக்கும் உள்ள இப்பொருத்தமின்மையே மாற்றம் நிகழ்ந்ததற்குச் சான்றாகிவிட்டது. ஆய்வாளன் தேட வேண்டியது இத்தகைய பொருத்தமின்மைகளையே. பொருந்தி நிற்கும் பெயர் எதையும் புதிதாகச் சொல்வதில்லை.

சிதம்பரத்தின் பழம்பெயராகிய தில்லையும் இவ்வகையே. தில்லை என்பது உவர்நீர்ச் சேற்றில் வளரும் மரம். கண்ணில் பட்டால் எரிச்சலூட்டும் பால் உடையது. ஊருக்குள் தில்லையம்மன் கோயில் தெரு இருக்கிறது, தில்லைக்காடு இல்லை. அக்காட்டைக் காண வேண்டுமானால் கிழக்கே பிச்சாவரத்து அலையாத்திக் காட்டுக்குப் போகவேண்டும். மரத்தின் பெயர் ஊரில் நிற்க, மரம் கடற்கரையை ஒட்டி நிற்பதை, உவர்நிலத்தின் எல்லை முன்னொரு காலத்தில் இன்னும் மேற்கே இருந்தமைக்குக் குறிப்பாகக் கொள்ளலாம்.

இனிக் கடலூர். அங்கே குண்டு சாலை என்று ஒரு சாலை உண்டு. குண்டு உப்பலவாடி என்று ஓர் ஊரும் உண்டு. தமிழில் குண்டு என்பதற்குப் பள்ளம் என்றும் பொருளுண்டு. ஆகவே மழைநீர் தேங்கிய பள்ளச்சாலை என்று ஒருவர் உரை எழுதினால் இலக்கணம் அதைத் தடுக்காது. ஆவணம் தடுக்கிறது. 1690இல் செஞ்சியிலிருந்து ஆண்ட மராத்தியரிடம் ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் குழுமம் கடலூரை ஒட்டிய தேவனாம்பட்டினத்துக் கோட்டையை விலைக்கு வாங்கிப் புனித தாவீது கோட்டை என்று பெயரிட்டது. கோட்டையோடு எவ்வளவு நிலம் சேரும் என்பதற்கு அப்பத்திரத்தில் கோலும் இல்லை, கயிறும் இல்லை. கோட்டையிலிருந்து பெரிய பீரங்கி ஒன்றைச் சுட்டால் குண்டு போய் விழும் தொலைவே எல்லை. அப்போது சென்னையின் ஆளுநராயிருந்தவர் எலிகு யேல். பிற்காலத்தில் அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றின் பெயரில் நிலைத்தவர் அவரே. பீரங்கியையும் நல்ல பீரங்கியாளனையும் அனுப்பிய அவர், மருந்து இடுவதிலும் குறி உயர்த்துவதிலும் உள்ள கைத்திறத்தைக் குழுமத்துக்கு ஆதாயமாகக் காட்டுமாறு சொல்லியனுப்பினார். 1690 செப்டம்பர் 23 அன்று பல திசைகளிலும் பீரங்கி முழங்கியது. குண்டு விழுந்த ஊர்களெல்லாம் கடலூரோடு சேர்ந்து ஆங்கிலேயர் கைக்குப் போயின. அவை குண்டு கிராமங்கள் எனப்பட்டன. வயலில் நின்றவன் தலைக்கு மேலே பறந்த இரும்பு, அன்று மாலைக்குள் அவன் வரி கட்டவேண்டிய இடத்தை மாற்றிவிட்டது.

இப்பெயரைக் கணக்கால் சோதித்துப் பார்க்கலாம். மேல்நோக்கி எறியப்பட்ட பொருள் காற்றில்லாத வெளியில் ஒரு வளைகோட்டில் சென்று விழும் என்பதைக் கலிலியோ 1638இல் வெளியிட்ட நூலில் நிறுவினார். 45 பாகைச் சாய்வில் எறிந்தால் அது மிகத் தொலைவு செல்லும். அத்தொலைவு, எறிந்த விரைவின் இருபடியைப் புவியீர்ப்பு முடுக்கத்தால் வகுத்தால் கிடைக்கும். நொடிக்கு 500 மீட்டர் விரைவில் குண்டு வாயைவிட்டுப் புறப்படுவதாகக் கொள்வோம். 500ஐ 500ஆல் பெருக்கி 9.8ஆல் வகுத்தால் 25 கிலோமீட்டருக்கு மேல் வருகிறது. தேவனாம்பட்டினத்திலிருந்து மேல்பட்டாம்பாக்கம் 20 கிலோமீட்டருக்கும் குறைந்த தொலைவில் உள்ளது. அதாவது காற்றே இல்லாதிருந்தால் நெல்லிக்குப்பமும் மேல்பட்டாம்பாக்கமும் 1690 செப்டம்பரிலேயே குண்டு கிராமங்கள் ஆகியிருக்கும். பண்ணுருட்டிக்காரரும் அஞ்சியிருக்க வேண்டும்.

காற்று இருந்தது. குண்டின் பெயர் தாங்கிய இடங்கள் கோட்டையிலிருந்து சில கிலோமீட்டருக்குள் அடங்கிவிடுகின்றன. இவ்வளவு பெரிய வேறுபாட்டை அக்காலத்து அறிஞர் பலர் நம்பவில்லை. இரும்புக் குண்டு கனமானது, காற்று மெல்லியது. ஆகவே காற்றுத்தடையைக் கணக்கில் விட்டுவிடலாம் என்று எண்ணினர். அவ்வெண்ணத்தை உடைத்தவர் பெஞ்சமின் இராபின்சு என்னும் ஆங்கிலேயக் கணிதவியலார். அவர் தொங்கும் கனத்த மரக்கட்டை ஒன்றில் துப்பாக்கிக் குண்டைச் சுட்டார். குண்டு கட்டையில் புதைந்து அதைப் பின்னே தள்ளும். கட்டை எவ்வளவு ஊசலாடுகிறது என்று அளந்தால், குண்டின் எடையையும் கட்டையின் எடையையும் கொண்டு, மோதுமுன் குண்டுக்கிருந்த விரைவைக் கணக்கிடலாம். கண்ணால் பார்க்க இயலாத விரைவை ஊசலைக் கொண்டு அளக்கும் எளிய கருவி அது. கட்டையைத் துப்பாக்கிக்கு அருகே ஒருமுறையும் தள்ளி ஒருமுறையும் வைத்துச் சுட்டபோது, இடையிலிருந்த காற்று எவ்வளவு விரைவைத் தின்றுவிட்டது என்பதும் தெரிந்தது. 1742இல் தம் முடிவுகளை நூலாக வெளியிட்டார். மூன்றே ஆண்டுகளில் மாபெரும் கணித அறிஞர் ஆயிலர் அந்நூலைச் செருமன் மொழியில் பெயர்த்து விளக்கமும் எழுதினார்.

இராபின்சு காட்டிய எடுத்துக்காட்டு நம் கணக்கோடு ஒட்டிவருகிறது. 24 பவுண்டு எடையுள்ள குண்டு காற்றில்லா வெளியில் ஏறத்தாழ 16 மைல் போகவேண்டும்; உண்மையில் அது 3 மைலைக்கூட எட்டுவதில்லை. ஏன் என்று பார்த்தால், அவ்வளவு விரைவில் செல்லும் அவ்வளவு பெரிய உருண்டையை எதிர்க்கும் காற்றுத்தடை அதன் எடையைப் போல் 20 மடங்கு அளவில் இருக்கிறது. விரைவு இருமடங்கானால் தடை ஏறத்தாழ நான்கு மடங்காகும். ஒலியின் விரைவை நெருங்கும்போது அதைவிடவும் கூடும். ஆகவே மருந்தைக் கூட்டக் கூட்டத் தொலைவு அதே அளவில் கூடாது. யேல் எவ்வளவு திறமையான பீரங்கியாளனை அனுப்பியிருந்தாலும், குண்டு சாலையும் குண்டு உப்பலவாடியும் இருக்கும் வட்டத்தைத் தாண்டி வெகுதொலைவு அவனால் போயிருக்க இயலாது. பெயர் நிற்கும் இடமும் ஆவணம் சொல்லும் செயலும் இயற்பியல் விதிக்கும் எல்லையும் ஒன்றுபடுகின்றன. தெருப்பெயர் ஒன்றுக்கு இதைவிட உறுதியான மெய்ப்பு எந்த நாட்டில் கிடைக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை.

வியப்பு இன்னும் முடியவில்லை. 1746இல் சென்னையைப் பிரெஞ்சுக்காரர் கைப்பற்றியபின் சோழமண்டலக் கரையில் ஆங்கிலேயரின் தலைமையிடமாக விளங்கியது தேவனாம்பட்டினத்துக் கோட்டைதான். குழுமத்தின் எழுத்தராயிருந்த இராபர்ட்டு கிளைவு சென்னையிலிருந்து தப்பியோடி வந்து சேர்ந்ததும் இங்கேயே. அவர் பெயரில் கடலூர் முதுநகரில் தெரு உண்டு. பழுதுற்ற கோட்டைகளைச் செப்பனிடத் தலைமைப் பொறியாளராகக் குழுமம் தேர்ந்தெடுத்து அனுப்பிய அறிஞர் இதே பெஞ்சமின் இராபின்சு. 1750இல் வந்தார், காய்ச்சலுற்று 1751 சூலை 29 அன்று இக்கோட்டையிலேயே இறந்தார். குண்டு போய் விழும் தொலைவைக் காற்றுத்தடை எவ்வளவு குறைக்கிறது என்று அளந்து காட்டிய மனிதன், குண்டு விழுந்த தொலைவால் அளக்கப்பட்ட மண்ணில் உயிர் நீத்தான். புனைகதை எழுதுவோன் இதைக் கற்பனை செய்திருந்தால் மிகை என்று அடித்திருப்பேன்.

குண்டின் பெயர் அளவையின் சான்று என்றால், கரையேறவிட்ட குப்பம் ஆற்றின் சான்று. சமணரால் கல்லோடு கட்டிக் கடலில் இடப்பட்ட நாவுக்கரசர், அக்கல்லே தெப்பமாக மிதந்துவந்து திருப்பாதிரிப்புலியூரில் கரையேறினார் என்பது சைவ மரபு. அவர் கரையேறிய இடமாகச் சுட்டப்படுவது வண்டிப்பாளையத்தை ஒட்டிய கரையேறவிட்ட குப்பம். கல் மிதந்ததா என்பது அறிவியலின் கேள்வி அன்று. ஆற்றங்கரையே இல்லாத ஓரிடத்துக்குக் கரையேறிய பெயர் எப்படி வந்தது என்பது அறிவியலின் கேள்வி. கெடிலம் இன்று திருப்பாதிரிப்புலியூருக்கு வடக்கே, அதற்கும் மஞ்சக்குப்பத்துக்கும் நடுவே ஓடுகிறது. குப்பமோ தெற்கே, கேப்பர் மலையின் அடிவாரத்தை நோக்கி இருக்கிறது. வண்டிப்பாளையத்தைச் சேர்ந்த புலவர் சுந்தர சண்முகனார் கெடிலக் கரை நாகரிகம் என்னும் தம் நூலில் இவ்வாற்றின் பழைய போக்கை ஆராய்ந்து, கெடிலம் முன்பு ஊருக்குத் தெற்கே ஓடிப் பின்னர் தடம் மாறியது என்னும் முடிவுக்கு வந்தார்.

கடலை அணுகும் ஆறுகள் தடம் மாறுவது இயல்பு. சாய்வு குறையக் குறைய நீரின் விரைவு குறையும்; சுமந்துவந்த மணலையும் வண்டலையும் படுகையிலேயே விட்டுவிடும்; படுகை மெல்ல உயர்ந்து, கரைக்கு வெளியே உள்ள நிலத்தைவிட மேடாகிவிடும். பின்னர் ஒரு பெருவெள்ளம் போதும். ஆறு கரையை உடைத்துக்கொண்டு தாழ்ந்த பக்கம் புதுவழி காணும். விட்டுச்சென்ற வழியில் மணல், குட்டை, நிலத்தடி நன்னீர் ஆகியவை எஞ்சும். இவற்றைத் துளையிட்டும் செயற்கைக்கோள் படத்தாலும் கண்டறிவர். எங்கே துளையிடுவது என்று தொடங்குமுன் ஊர்ப்பெயர்ப் பட்டியலைப் பார்ப்பது செலவில்லாத வேலை. மேடு, துறை, கரை, பள்ளம் என்று முடியும் பெயர்கள் நீரருகே இல்லாமல் நின்றால் அங்கே கேட்கத் தக்க கதை ஒன்றிருக்கும்.

ஒலியின் ஏமாற்று வேலைக்கும் இவ்வூரிலேயே எடுத்துக்காட்டுக் காணலாம். கடலூரில் கம்மியம்பேட்டை இருக்கிறது. கம்மியர் என்றால் தமிழில் கைவினைஞர். ஆகவே கைவினைஞர் குடியிருந்த பேட்டை என்று கேட்டவுடன் பொருள் வந்து நிற்கிறது. ஆனால் கம்மிங் என்னும் ஆங்கிலேயர் பெயரால் அமைந்த பேட்டையே இது என்பது வழக்கு. எதை நம்புவது? கைவினைஞரை இவ்வட்டாரத்து மக்கள் கம்மாளர் என்பார்களே தவிரக் கம்மியர் என்று சொல்வதில்லை, கம்மியர் நூல்வழக்கு. தெருவுக்குப் பெயரிடுவோர் நிகண்டைப் புரட்டிப் பெயரிடுவதில்லை. ஆங்கிலப் பெயர் தமிழ் நாவில் தேய்ந்து தமிழ்ச்சொல்லின் உருவத்தை அணிந்துகொண்டது என்பதே எனக்குப் பொருத்தமாகப் படுகிறது.

சென்னையில் அமில்டன் பெயரால் அமைந்த பாலம் அம்பட்டன் வாராவதி ஆகி, அதைக் கேட்ட ஆங்கிலேயர் மறுபடி தம் மொழியில் முடிதிருத்துவோர் பாலம் என்று பெயர்த்துக்கொண்ட கதையை அறியாதார் இல்லை. இன்று அது அம்பேத்கர் பாலம். கடலூர் என்னும் ஊர்ப்பெயரிலேயே இச்சிக்கல் உண்டு. ஆறுகள் கூடும் இடமாதலால் கூடலூர். ஆங்கிலேயர் முதலெழுத்தை அடுத்து உகரக் குறி இட்டு எழுதியது கூடல் என்று கேட்ட காதின் பதிவு. தமிழ் வழக்கிலோ இன்று கடலூர் நிலைத்துவிட்டது. கடல் அருகிலிருப்பதால் எவருக்கும் உறுத்தவில்லை. அயலார் எழுத்துக்கூட்டல் சில இடங்களில் நம் பழைய ஒலியை நம்மைவிட நன்றாகக் காத்து வைத்திருக்கிறது.

பெயருக்கு நினைவுப்பெயர் என்னும் இன்னொரு வகை உண்டு. அவ்வகைப் பெயர் பெரும்பாலும் இடத்தைப் பற்றி ஒன்றும் சொல்லாது. பெயரிட்ட காலத்தின் அரசியலைச் சொல்லும். கடலூரின் பாரதி சாலை ஓரளவு விலக்கு: புதுவையிலிருந்து வெளியேறிய பாரதி 1918 நவம்பரில் இங்கே பிடிபட்டுக் கடலூர்ச் சிறையில் இருந்தவர். பாரிசு, வியன்னா, இலண்டன், நியூயார்க்கு ஆகிய நான்கு நகரங்களின் நினைவுப்பெயர்த் தெருக்களைக் கணினி கொண்டு ஆராய்ந்த ஆய்வொன்று 2021இல் வெளிவந்தது. எந்தத் தொழிலோரை, எந்தக் காலத்தவரை, ஆண்களை எத்தனை, பெண்களை எத்தனை எனத் தெருப்பெயர்களை எண்ணியே அந்நகரங்களின் மதிப்பீடுகளை அளந்தனர். பெண்களுக்குப் பாரிசு கொடுத்த இடம் மிகச் சிறிது. நம் நகரங்களில் இக்கணக்கை எடுத்தால் முடிவு பெருமைப்படத் தக்கதாக இராது.

அளக்க வேண்டியது இன்னொன்றும் உண்டு. ஊர் ஒரு பக்கம், சேரி ஒரு பக்கம் எனக் குடியிருப்பைப் பிரித்த நாட்டில் தெருப்பெயர் வழிகாட்டி மட்டும் அன்று, வேலியும் கூட. மேல்பட்டாம்பாக்கத்துக்கு இதில் ஒரு தனி வரலாறு உண்டு. சாதி வேறுபாட்டைத் திருச்சபைக்குள் பொறுத்துக்கொள்வது பற்றிய பிணக்கில் செருமனியின் இலைப்சிக்கு மறைத்தொண்டு அமைப்பைவிட்டு விலகிய மறைத்தொண்டர் காரல் ஓக்சு, 1860களின் தொடக்கத்தில் இங்கே பெத்தானியா என்னும் குடியிருப்பை நிறுவினார். பின்னர் டேனிய மறைத்தொண்டர் அவரோடு இணைந்தனர். திசையாலும் தொழிலாலும் சாதியாலும் தெருக்கள் பெயர் பெற்றிருந்த வட்டாரத்தில், எவர்க்கும் உரிமை இல்லாத அயல்நாட்டு ஊர்ப்பெயர் ஒன்றைக் கொண்டுவந்து வைத்ததே ஒரு கருத்தறிவிப்பு.

தமிழ்நாட்டரசு 2025 ஏப்பிரலில் காலனி என்னும் சொல் அரசு ஆவணங்களிலிருந்து நீக்கப்படும் என்று சட்டமன்றத்தில் அறிவித்தது. அக்டோபரில் தெருக்கள், குடியிருப்புகள், நீர்நிலைகள் ஆகியவற்றின் சாதிப்பெயர்களை மாற்றுவதற்கான நெறிமுறைகளை ஆணையாக வெளியிட்டது. ஒருவரை இழிவுபடுத்தும் பெயரை அவர் வீட்டு வாயிலில் எழுதி வைத்துவிட்டு அதை வரலாற்றுச் சான்று என்று பாதுகாக்கக் கேட்பது முறையன்று. சான்றுக்கு இடம் ஆவணக்காப்பகம். ஆனால் தொழிற்பெயரும் நீர்நிலைப்பெயரும் சாதிப்பெயரோடு கலந்து அடிபட்டுப் போகக் கூடாது. வில்லிகள் தெரு படைத்தொழிலைச் சொல்வது. கரையேறவிட்ட குப்பம் ஆற்றைச் சொல்வது.

இதனிடையே பெயரே தேவைப்படாத முகவரியும் வந்துவிட்டது. இந்திய அஞ்சல்துறை 2025 மே மாதத்தில் டிஜிபின் என்னும் முறையை அறிமுகம் செய்தது. நாட்டை ஒரு பெருஞ்சதுரத்தில் அடக்கி, அதை 16 கட்டங்களாக வகுத்து, ஒவ்வொரு கட்டத்தையும் மீண்டும் 16ஆக வகுத்து, இவ்வாறு பத்து முறை செய்தால் ஏறத்தாழ 4 மீட்டர் பக்கமுள்ள சிறு கட்டம் கிடைக்கும். ஒவ்வொரு வகுப்புக்கும் ஒரு குறி. பத்துக் குறிகளில் முகவரி முடிந்துவிடும். அகலாங்கும் நெட்டாங்கும் தெரிந்தால் போதும். தெருவும் வேண்டா, ஊரும் வேண்டா. மாசி வீதிக்கும் குண்டு சாலைக்கும் அதில் ஒரே மதிப்பு.

ஆகவே இப்போது செய்யத்தக்க வேலை ஒன்று உண்டு. ஒவ்வொரு பேரூராட்சியிலும் நகராட்சியிலும் பழைய வீட்டுவரிப் பதிவேடுகள், புலவரைபடங்கள், பத்திரங்களின் எல்லைக் குறிப்புகள் இருக்கின்றன. பெயர் மாற்றும் ஒவ்வொரு தெருவுக்கும் பழைய பெயர், அதன் எல்லா எழுத்துவடிவங்கள், முதலில் காணப்படும் ஆண்டு, மாற்றிய நாள், நான்கெல்லை, அகலாங்கு, நெட்டாங்கு ஆகியவற்றை ஒரே ஏட்டில் பதிந்துவிட வேண்டும். இதற்குப் பெரும் பொருட்செலவு இல்லை. கல்லூரி வரலாற்றுத் துறையின் மாணவர்கள் ஒரு கோடை விடுமுறையில் ஒரு பேரூரை முடித்துவிடலாம். மேல்பட்டாம்பாக்கம் போன்ற சிற்றளவு ஊர்களில் தொடங்குவதே நலம். அங்கே தெருக்கள் சிலவே. பழைய பெயரைச் சொல்லும் முதியோரும் இன்னும் திண்ணைகளில் இருக்கிறார்கள்.